கும்பகர்ணத் திட்டம்

இனிமே இந்த வீட்டுல ஒரு பொட்டு கரண்டு வீணாகாதுன்னு நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. நல்ல நேரம் பாத்து எடுத்தேன்னு நினைச்சுடாதீங்க. என் வீட்டுக்காரி இடுப்புல கையை வச்சுக்கிட்டு எதிர்ல நின்னா. அந்த மாதிரி நேரத்துல எந்த ஆம்பளையா இருந்தாலும் ஏதாவது ஒரு சபதம் எடுத்துத்தான் ஆகணும்.

விஷயம் இதுதான். எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு குட்டி ரூம் இருக்கு. ஸ்டூல் போட்டு ஒரு ஆள் உக்காரலாம். எழுந்தா தலை இடிக்கும். அதுக்குள்ள என் சர்வர். ஹோட்டல் சர்வர் இல்லை. என் மாமியார் அப்படித்தான் சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்காங்க, மாப்பிள்ளை வீட்டோடயே சர்வர் வச்சிருக்கார்னு. கேட்டவங்க எல்லாம் நான் ஏதோ பெரிய வசதியில இருக்கேன்னு கடன் கேட்டு வந்துட்டுப் போனாங்க. இது கம்ப்யூட்டருங்க. நான் வேலை பாக்கற கிடங்குல பழசுன்னு கழிச்சுக் கட்டின பெட்டி. நான் தூக்கிட்டு வந்து தூசி தட்டி, வீட்டுல இருக்கற படம், பாட்டு, போட்டோ எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு வச்சேன். டிவில கேட்டாலும் சரி, போன்ல கேட்டாலும் சரி, எடுத்துக் குடுக்கும். ஒரு விதத்துல அதுவும் பரிமாறற ஆள்தான். டிப்ஸ் கேக்காது, அவ்வளவுதான்.

முக்கியமா என் பையன் அதுக்குள்ளதான் இருக்கான். நிஜப் பையன் வேலைக்குன்னு வேற ஊருக்குப் போயிட்டான். எப்பவாவது போன் பண்ணி "சாப்டீங்களாப்பா"ன்னு கேப்பான், பதில் சொல்றதுக்குள்ள வச்சுடுவான். பெட்டிக்குள்ள இருக்கறவன் அப்படி இல்லை. முன்பல் ரெண்டும் இல்லாம சிரிப்பான். "அப்பா தூக்கு, அப்பா தூக்கு"ன்னு கையை நீட்டுவான். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுன்னா மனசு வருமா?

ஆனா பெட்டிகிட்ட ஒரு கெட்ட பழக்கம். ராப்பகலா ஓடும். ஞ்ஞ்ஞொய்ங்னு ஒரு சத்தம், பூட்டின ரூமுக்குள்ள யாரோ மூக்கால பாட்டுப் படிக்கற மாதிரி. கதவைத் திறந்தா வெந்நீர் அண்டா மூடியைத் திறந்த மாதிரி முகத்துல அனல் அடிக்கும். காத்து வரட்டும்னு நானே கதவுல வரிசையா ஓட்டை போட்டேன். காத்து போகலை. சத்தம்தான் வெளிய வந்துச்சு.

இதுக்கு நடுவுல என் வீட்டுக்காரி தையல்காரி. குஷன் உறை, திரைச்சீலை, நாற்காலிக்கு மெத்தை உறைன்னு அக்கம்பக்கம் பூரா அவகிட்டதான் குடுக்கும். கரண்டுல ஓடற அவளோட தையல் மெஷினுக்கு இடம் கிடையாது. சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கு அது. நாங்க தட்டை மடியில வச்சுக்கிட்டு சோபாவுல சாப்பிடறோம். ஒரு தடவை வாய்ல ஏதோ கடக்குன்னுது. எடுத்துப் பாத்தா பட்டன். நான் அதிர்ச்சியில கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ சாதாரணமா கையை நீட்டி, "அதைத்தான் காலையிலேர்ந்து தேடறேன், குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போயிட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை கேட்டாளே ஒரு கேள்வி.

"என்னங்க, அது எப்பத்தான் தூங்கும்?"

"அது மெஷினும்மா. மெஷினுக்கு ஏது தூக்கம்?"

"நானும்தான் மெஷின் வச்சிருக்கேன். காலை எடுத்தா நின்னுடுது. உங்களுது யாரும் கேக்காமலே ஓடிக்கிட்டிருக்கு. உங்க வாய் மாதிரி."

ஒண்ணு அது தூங்கக் கத்துக்கணும், இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு அவ மெஷினுக்கு இடம் விடணும். இதுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அப்ப எடுத்த சபதம்தான் கும்பகர்ணத் திட்டம். பேரு நானே வச்சது. கம்ப்யூட்டர்க்காரங்க இதை ஆட்டோ ஸ்டாண்ட்பைன்னு சொல்வாங்க. பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஏற்பாடு பண்ணிடணும். அது அப்பப்ப சுத்திமுத்திப் பாக்கும். யாராவது படம் பாக்கறாங்களா? யாராவது போட்டோ கேக்கறாங்களா? ஒருத்தரும் இல்லைன்னா விளக்கை அணைச்சுட்டுப் படுத்துடும். அப்புறம் யாருக்காவது வேணும்னா, வயர் வழியா அது பேரைச் சொல்லி ஒரே ஒரு சேதி. உடனே கண்ணைக் கசக்கிட்டு எழுந்து, என்ன வேணும்னு கேக்கும்.

இதைக் கையை ஆட்டி, காலை ஆட்டி, குறட்டைச் சத்தமெல்லாம் விட்டு அவளுக்கு விளக்கினேன். குண்டூசி வாய்ல இருந்ததால பொறுமையா கேட்டா. எடுத்ததும் சொன்னா.

"இது என்ன அதிசயம்? உங்களை நான் அப்படித்தான் எழுப்பறேன். டீ கப்பைச் சாசர்ல வச்சு ஒரு தட்டு. சண்டை போட்டுட்டுப் படுத்திருந்தாக்கூட எழுந்து வந்துடுவீங்க."

மனுஷனையும் மெஷினையும் ஒப்பிடக் கூடாதுன்னு கௌரவமா சொல்லிட்டு வேலையைத் தொடங்கினேன்.

ஏற்பாடெல்லாம் கச்சிதமா முடிஞ்சது. ஆனா கும்பகர்ணன் தூங்கலை.

காலையில கிடங்குக்குக் கிளம்பும்போது பாப்பேன், முழிச்சிருக்கு. சாயங்காலம் வந்து பாப்பேன், முழிச்சிருக்கு. ஓட்டை வழியா எட்டிப் பாத்தா நீல லைட்டு கண்ணைக் கொட்டாம என்னையே பாக்குது. தூங்கும்போது லைட்டு என்ன கலர்ல இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அது தூங்கி நான் பாத்தாத்தானே.

யாரோ எழுப்பிவிடறாங்கன்னு எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. துப்பறிய ஆரம்பிச்சேன். முதல்ல டிவி மேல சந்தேகப்பட்டு பிளக்கைப் பிடுங்கினேன். அன்னிக்கு அவ தொடரோட கடைசி நாள். அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு இங்க எழுத முடியாது. அடுத்து அவ போன். தைச்ச உறையை எல்லாம் போட்டோ எடுப்பா, அது பெட்டிக்குள்ள போகுமேன்னு போனை அணைச்சு வச்சேன். பெரிய திரைச்சீலை ஆர்டர் ஒண்ணு போன் பண்ணிப் பாத்துட்டு வேற தையல்காரிகிட்ட போயிடுச்சு. அன்னிக்கு என் தட்டுல பட்டன்கூட விழலை. எதுவுமே விழலை.

மிச்சம் இருந்தது மாடிவீட்டு எஞ்சின் மாமா.

சொந்த மாமா இல்லை. ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மாடியில தனியாளா இருக்கார். நல்ல மனுஷன். எங்க வீட்டு இன்டர்நெட்டைத்தான் அவரும் பயன்படுத்தறார், நான்தான் பெருந்தன்மையா குடுத்தேன். அவர்தான் என் பெட்டியைத் தட்டி எழுப்பறாரோன்னு விசாரிக்கப் போனேன். கண்ணெல்லாம் சிவந்து, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். உள்ள டிவி அலறிக்கிட்டிருந்தது. ஒரு காலத்துல பெரிய டிவின்னு பேர் வாங்கின ஜாதி. எருமை மாதிரி இருக்கும், அதே அளவுக்குத் தீனியும் தின்னும்.

பெட்டியைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியலை. அவர் பாடு அவருக்கு. வாழ்க்கை பூரா எஞ்சின் சத்தத்துலயே இருந்துட்டாராம். இப்ப சத்தமில்லாத வீட்டுல கண்ணை மூடினா, வண்டி எங்கயோ நடுக்காட்டுல நின்னுபோச்சுன்னு பதறி எழுந்துடறாராம். அதனால விடிய விடிய டிவியை ஓடவிட்டுக்கிட்டே படுக்கறார். அதுவும் சரியா வரலை, நடுவுல எவனாவது விளம்பரத்துல கத்திடறான்னு சொன்னார்.

நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கணும். கரண்டு சிக்கனத்தைப் பத்திச் சொற்பொழிவு ஆத்திட்டு வந்தேன். கும்பகர்ணத் திட்டத்தை முழுசா சொன்னேன். அவரும், ஆமாப்பா, ஆமாப்பான்னு நின்னுக்கிட்டே தூங்கப் பாத்தார்.

இதை எல்லாம் அவகிட்ட வந்து சொன்னேன். சொல்லிக்கிட்டே வழக்கம்போல போனை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். அவ கத்திரிக்கோலைக் கீழ வச்சா.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"பெட்டி தூங்கிடுச்சான்னு பாத்தேன்."

"எப்படிப் பாத்தீங்க?"

"போன்லேர்ந்து அதைக் கேட்டேன். தூங்கலைன்னு சொல்லுது."

"தூங்கறவங்க எப்படிங்க பதில் சொல்லுவாங்க?"

நான் போனை மெதுவா சட்டைப் பைக்குள்ள போட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பீங்க?"

"பஸ்ல போகும்போது கேப்பேன். கிடங்குல லாரி வர்றதுக்கு முன்னாடி கேப்பேன். சாப்பிடும்போது ஒரு தடவை..."

அவ சிரிக்கலை. சிரிச்சிருந்தாலும் பரவாயில்லை. பையன் தொட்டில்ல இருந்த காலத்தை ஞாபகப்படுத்தினா. அவ பாடிப் பாடித் தூங்க வச்சுட்டு முதுகை நிமித்துவாளாம். நான் நுனிக்கால்ல நடந்து வந்து தொட்டிலுக்குள்ள தலையை விட்டு, "தூங்கிட்டானா?"ன்னு கேப்பேனாம். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பாத்துச் சிரிப்பானாம். திரும்ப முதல்லேர்ந்து பாட்டு.

"அப்ப அவனை எழுப்பினீங்க. இப்ப இதை எழுப்பறீங்க. ஆசை இருக்கு, சரி. அதுக்காகப் போட்டுப் பிடுங்கிக்கிட்டே இருந்தா எதுதான் தூங்கும்?"

நிஜம். நான் கட்டின ஏற்பாட்டைக் கெடுத்துக்கிட்டிருந்த திருடன் நான்தான். இவ்வளவு நாளா என்னையே துரத்திக்கிட்டிருந்திருக்கேன்.

அவதான் ஒரு ஒப்பந்தம் சொன்னா. கொஞ்ச நாளைக்கு ரூம் சாவி அவகிட்ட இருக்கும். நான் கதவைத் திறக்கக் கூடாது, போன்ல கேக்கவும் கூடாது. அந்த ரூம்லேர்ந்து சத்தம் வரக்கூடாது, அனல் வரக்கூடாது. ஆனா டிவில கேட்ட படம் வரணும். இதெல்லாம் நடந்தா அதுக்கப்புறம் பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டா. நடக்கலைன்னா ரூம் அவளுக்கு.

நான் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துக்கிட்டேன். என்னைவிட எனக்கு என் ஏற்பாடு மேல நம்பிக்கை.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். கதவுல காதை வச்சேன். சத்தம் இல்லை. கையை வச்சேன். அனல் இல்லை. கண்ணை மட்டும் வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இல்லையே. ஓட்டை வழியா பாத்தேன். இருட்டுக்குள்ள பச்சையா ஒரு குட்டி லைட்டு. சாந்தமா. பால் குடிச்ச குழந்தை மாதிரி.

தூங்கினா பச்சை. அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

சரி, தூங்கறது தூங்குது, எழுந்திருக்குமா? சாப்பிட்டு முடிச்சு டிவியைப் போட்டு பையன் நடை பழகின படத்தைக் கேட்டேன். எழுந்து வர ஒரு நிமிஷமாவது ஆகும்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். அழுத்தின கையை எடுக்கலை, பையன் தத்தக்கா பித்தக்கான்னு வந்து நின்னான். படுத்து எழுந்த பெட்டி மாதிரியே இல்லை, அவ்வளவு சுறுசுறுப்பு. பாத்தியான்னு அவளைப் பாத்தேன். அவ பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. சொன்ன சொல்லைக் காப்பாத்தறவ.

இதுல இன்னொரு அதிசயம். அன்னிக்குச் சாப்பிட உக்காரும்போதே பாத்தேன், சாப்பாட்டு மேசை காலி. தையல் மெஷினைக் காணோம். கேட்டேன். உங்க பெட்டியே அடங்கி ஒடுங்கி இருக்கும்போது நான் மட்டும் மேசையை அடைச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும், ஒதுக்கி வச்சுட்டேன்னு தலையைக் குனிஞ்சு சொன்னா. எனக்கு நெஞ்சு விம்மிடுச்சு. ஒரு ஆம்பளை வீட்டுல நல்ல வழி காட்டினா எப்படி எல்லாம் பரவுது பாருங்க. மேசையில உக்காந்து தட்டு வச்சு சாப்பிட்டேன். பெருந்தன்மையா ரெண்டு தடவை அவளுக்கும் பரிமாறினேன்.

வாசல்ல இருக்கற கரண்டு மீட்டர்ல ஒரு சிவப்பு லைட்டு உண்டு. முன்னாடி எல்லாம் கண்ணுல தூசி விழுந்த மாதிரி படபடன்னு அடிச்சுக்கும். இப்ப நிதானமா, பெரிய மனுஷன் தலையாட்டற மாதிரி அடிச்சுது. கிடங்குல எல்லாருக்கும் சொன்னேன். லாரி டிரைவர் ஒருத்தர் தன் வீட்டுலயும் இந்த ஏற்பாட்டைப் பண்ணித் தர முடியுமான்னு கேட்டார். அவர் வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாதாம். சம்சாரத்துக்குக் கேக்கறார்.

மாடியிலயும் மாற்றம். எருமை டிவி சத்தமே காணோம். மாமா படி இறங்கி வந்தார், முகம் கழுவி வச்ச குடம் மாதிரி பளிச்சுன்னு. தூக்கம் வருதான்னு கேட்டேன்.

"பேஷா வருதுப்பா. எல்லாம் உங்க வீட்டுப் பெட்டி புண்ணியம்."

என் சொற்பொழிவு வேலை செஞ்சிருக்குன்னு எடுத்துக்கிட்டேன். சிக்கனம்னு மனசு வச்சா தூக்கம் தானா வரும் மாமான்னு தோள்ல தட்டிக் குடுத்தேன். அவரும் ஆமாப்பா, ஆமாப்பான்னார். என் வீட்டுக்காரி அந்த நேரம் பாத்து உள்ள என்னமோ எடுக்கப் போயிட்டா. தோள் மட்டும் குலுங்கிச்சு. இருமல்னு நினைச்சேன்.

அந்த வாரக் கடைசி, விடுமுறை நாள் மத்தியானம். அவ தைச்ச உறைகளைக் குடுத்துட்டு வரேன்னு போயிருந்தா. நான் பையன் பள்ளிக்கூட ஆண்டு விழா படத்தைப் போட்டேன். மரம் வேஷத்துல நிக்கறான். நல்லா நடிப்பான், அசையவே மாட்டான். இன்னிக்கு ரொம்ப நேரமா அசையலையேன்னு பாத்தா, டிவியே நின்னுபோச்சு.

ரூமைத் திறக்கக் கூடாது, போன்ல கேக்கக் கூடாது. சொன்ன சொல் எனக்கும் இருக்கு. ஆனா வயரைப் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. ஹால்ல இருக்கற இன்டர்நெட் பெட்டியிலேர்ந்து என் சர்வருக்குப் போற வயரைக் கையால பிடிச்சுக்கிட்டே போனேன். அது மாடிப்படி ரூம் கதவுக்கு அடியில போகணும். போகலை. ஜன்னல் வழியா வெளிய போச்சு. மாடிப்படிக் கைப்பிடியோட ஒட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் அழகா ஒரு முடிச்சு. குஷன் உறைக்குப் போடற முடிச்சு. எனக்குத் தெரிஞ்ச கை.

வயர் ஏறிச்சு. நானும் ஏறினேன்.

மாமா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டில்ல மாமா. அசந்து தூங்கறார், வாய் திறந்து, கை ரெண்டும் ஏதோ கம்பியைப் பிடிச்ச மாதிரி. தலைமாட்டுல ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல என் பெட்டி. பூப்போட்ட துணியில அதுக்கு ஒரு உறை, காத்து போக ஓட்டை விட்டு, ஓட்டைக்கு ஓரம் அடிச்சு. ஞ்ஞ்ஞொய்ங். அந்த ரூமுக்குள்ள கேக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. தூரத்துல கூட்ஸ் வண்டி போற சத்தம் அது.

நீல லைட்டு. பெட்டி தூங்கலை. ஒரு நாளும் தூங்கலை. தூங்க வச்சிருக்கு.

புரண்டு படுத்ததுல மாமா காலு வயரை இழுத்திருக்கு. அதான் டிவி நின்னிருக்கு. திரும்பச் சொருகினேன். கோபமா ஏதாவது சொல்லணும்னுதான் நின்னேன். அவர் முகத்தைப் பாத்ததும் நாக்கு நுனிக்கு என் பழைய கேள்விதான் வந்துச்சு. தூங்கிட்டாரா? ரொம்பக் கஷ்டப்பட்டு முழுங்கிட்டேன். கதவைச் சத்தமில்லாம சாத்திட்டு நுனிக்கால்ல இறங்கினேன்.

கீழ வந்து அந்த ஓட்டையில இன்னொரு தடவை கண்ணை வச்சேன். பச்சை லைட்டு. இப்ப மத்தியான வெளிச்சத்துல அதுக்குக் கீழ ஊசி தெரிஞ்சுது. ஊசியில நூல் தெரிஞ்சுது. ஒரு வாரமா நான் கண்கலங்கிப் பாத்தது அவ தையல் மெஷினை.

அவ வந்ததும் கேட்டேன்.

"நீ என்னை ஏமாத்திட்ட."

"என்ன ஏமாத்தினேன்? ரூம்லேர்ந்து சத்தம் வந்துச்சா?"

"இல்லை."

"அனல்?"

"இல்லை."

"கேட்ட படம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா..."

"பெட்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

பேசலை.

அப்புறம் நிதானமா உக்காந்து சொன்னா. நான் கிடங்குக்குப் போனதும் அவளும் மாமாவுமா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அது படுத்துடாம இருக்க, மாமா தன் போன்ல ஏதாவது ஒரு பாட்டை அதுலேர்ந்து சத்தமில்லாம ஓடவிட்டே வச்சிருக்காராம். மாமா டிவி தின்ற தீனியில கால்வாசிகூட பெட்டி தின்னாதாம். இப்ப அவர் வீட்டு மீட்டரும் மெதுவா ஓடுது, நம்ம வீட்டு மீட்டரும் மெதுவா ஓடுது. அவளுக்கு ரூம் கிடைச்சது, எனக்குச் சாப்பாட்டு மேசை கிடைச்சது, பையன் பத்திரமா இருக்கான்.

"நீங்க தூக்கம் வேண்டாத ஒண்ணைப் பிடிச்சுத் தூங்க வச்சுக்கிட்டிருந்தீங்க. தூக்கம் வேணுங்கற மனுஷன் மாடியில முழிச்சுக்கிட்டிருந்தார். அவ்வளவுதாங்க."

எனக்கும் ரோஷம் இருக்கு. இனிமே பேசறதில்லைன்னு முடிவு பண்ணினேன். சோபாவுல சுவரைப் பாத்துப் படுத்தேன். கண்ணை இறுக்கி மூடினேன். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கறதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, காலைப் பிடிச்சு இழுத்தாலும் சரி. கும்பகர்ணன்னா என்னன்னு இந்த வீடு இன்னிக்குப் பாக்கட்டும்.

சமையல் ரூம்ல 'டிங்'குன்னு ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்து பாத்தா நான் அடுப்புக்குப் பக்கத்துல நிக்கறேன், கையை நீட்டிக்கிட்டு. நடந்து வந்தது ஞாபகமே இல்லை.

அவ கப்பை என் கையில வச்சா. நான் உறிஞ்சப் போனேன்.

"அது மாமாவுக்கு. மாடியில வச்சுட்டு வாங்க. தூங்கிட்டாரான்னு மட்டும் கேக்காதீங்க."